கிணற்றடி மோட்டரும் புவித்தொடுப்பும்

கல்முனைக் கரையில் மணலைச் சில அடி தோண்டினாலே தண்ணீர் ஊறும். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என நெருங்கித் தொடரும் இவ்வூர்களில் வளவுக்கொரு கிணறு இருப்பது பழைய வழக்கம். வாளியும் கயிறும் துலாவும் கொண்டு நீரிறைத்த காலம் போய்விட்டது. இன்று மின்சார மோட்டர் கிணற்றடியில் அமர்ந்து நீரை உயரத் தாங்கிக்கு ஏற்ற, அங்கிருந்து அது குசினிக்கும் குளியலறைக்கும் குழாய்வழியே செல்கின்றது. தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் குழாய்நீரும் வீடுகளை வந்தடைந்திருக்கின்றது. இவ்வாறு தண்ணீரும் மின்சாரமும் ஒரு வளவுக்குள் அடுத்தடுத்து ஓடும்போது, இரண்டுக்கும் இடையே நின்று மனித உயிரைக் காக்க வேண்டியது புவித்தொடுப்பு என்னும் ஏற்பாடாகும். இதனையே ஊரார் ‘எர்த்’ என்பர்.

“எர்த் வயரைத் தண்ணீர்ப் பைப்பில் கட்டிவிட்டாற் போதும்” என்பது நம் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு நம்பிக்கை. ஒரு காலத்தில் இதில் ஓரளவு உண்மையும் இருந்தது. இன்று அது உயிருக்கு ஊறு விளைவிக்கும் நம்பிக்கையாகிவிட்டது. இது எவ்வாறு நேர்ந்தது, இதற்கு மாற்று யாது என்பவற்றை, கல்லூரிப் பௌதிக ஆய்வுகூடத்தில் நாம் கற்ற ஓமின் விதியைத் துணையாகக் கொண்டே ஈண்டு ஆராய்வோம்.

இதனைத் தமிழிற் சொல்லுதல் இயலுமோ என்று ஐயுற வேண்டியதில்லை. இதே கரையில், காரைதீவில், 1892 ஆம் ஆண்டிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் தமிழ்ப் பண்டிதராய் விளங்கியதோடு விஞ்ஞானப் பட்டதாரியாகவும் இருந்தவர். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராகப் பணியாற்றியவர். 1936 இல் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. உயிர்க்கம்பி, நொதுமற்கம்பி, புவிக்கம்பி, உருகி என்னும் சொற்களை இன்று நம் மாணவர் எளிதாக ஆளுகின்றனர். அச்சொற்கள் பரீட்சைத் தாளோடு நின்றுவிடாது கிணற்றடி வரைக்கும் செல்லுதல் வேண்டும் என்பதே நம் விருப்பம்.

உயிரைக் கவரும் மின்னோட்டம்

இலங்கையில் வீடுகளுக்கு வழங்கப்படும் மின்னழுத்தம் 230 வோல்ற்று. நீரில் நனைந்த உடலின் தடையை ஏறத்தாழ 1,000 ஓம் என்று கொள்ளலாம். அழுத்தத்தைத் தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். 230 ஐ 1,000 ஆல் வகுக்க 0.23 அம்பியர் வருகின்றது. 60 வாற்றுக் குமிழொன்று எரிவதற்கு 0.26 அம்பியர் வேண்டும். ஆகவே ஒரு சிறு விளக்கு எரியும் அளவினும் குறைந்த மின்னோட்டமே மனிதனைக் கொல்லப் போதுமானது.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சார்ள்ஸ் டல்சீல் என்பார், மின்சாரம் பாயும் கம்பியைப் பிடித்தவர் எவ்வளவு மின்னோட்டம் வரையில் தம் கையைத் தாமே விடுவித்துக்கொள்ள முடியும் என்பதை ஆராய்ந்தார். ஆடவர்க்குச் சராசரி 16 மில்லியம்பியர், பெண்டிர்க்கு 10.5 மில்லியம்பியர் என்பது அவர் கண்ட முடிவு. ஒரு மில்லியம்பியர் என்பது அம்பியரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. இவ்வெல்லை கடந்ததும் தசைகள் இறுகிக் கை விரியாது. குழாய்த் திருகியைப் பிடித்தவர் அதனை விட விரும்பினும் விட இயலாது. மின்னோட்டம் மேலும் பெருகின் இதயம் ஒழுங்கிழந்து நடுங்கத் தொடங்கும். நடுங்கும் இதயம் குருதியைச் செலுத்தாது. சில நிமிடங்களில் மரணம் நேரும்.

இனி, மின்னோட்டம் காலடி மண்ணுக்குள் ஏன் பாய்கின்றது என்பதையும் அறிதல் வேண்டும். வீதியோரத்து மாற்றியில் நொதுமற்கம்பியானது நிலத்தோடு இணைக்கப்பட்டுள்ளது. ஆதலின் நிலம் முழுவதுமே மின்சுற்றின் ஒரு முனைபோல் இருக்கின்றது. உயிர்க்கம்பியின் அழுத்தத்தை ஏற்ற ஒரு பொருளைத் தொட்டுக்கொண்டு ஈரமணலில் வெறுங்காலுடன் நிற்பவர் அச்சுற்றைத் தம் உடலாலேயே நிறைவு செய்தவராகின்றார்.

பக்தாத்தில் நிகழ்ந்த ஒரு மரணம்

2008 ஆம் ஆண்டு ஜனவரி 2 ஆம் நாள், ஈராக்கின் பக்தாத் நகரில் அமெரிக்கப் படையினர் தங்கியிருந்த கட்டடமொன்றில் ரையன் மேசெத் என்னும் 24 வயதுப் படைவீரர் குளித்துக்கொண்டிருந்தார். நீர்ப்பம்பியொன்றின் உள்ளே காவலி பழுதுற்றிருந்தது. அப்பம்பி முறையாகப் புவித்தொடுக்கப்பட்டிருக்கவில்லை. வெளியேற வழியின்றி நின்ற மின்னழுத்தம் உலோகக் குழாய்களிற் பரவிக் குளியலறையை அடைந்தது. அவர் அங்கேயே உயிர்நீத்தார். பின்னர் அமெரிக்கக் காங்கிரஸ் சபை வரையிலும் இம்மரணம் விசாரிக்கப்பட்டது.

பகைவரின் குண்டுக்குத் தப்பியிருந்த ஒருவர் நீர்ப்பம்பியால் மடிந்த இச்செய்தியிலிருந்து நாம் அறிய வேண்டியது யாது? பழுது இருந்த இடம் வேறு, உயிர் போன இடம் வேறு என்பதே. அவர் மோட்டரைத் தொடவில்லை, மின்கம்பியையும் தொடவில்லை. தண்ணீர்க் குழாயே மின்சாரத்தை அவரிடம் கொணர்ந்தது. கிணற்றடியில் மோட்டரும், நாகம் பூசிய இரும்புக் குழாயும், குளியலறையில் உலோகத் திருகியும் உள்ள எந்த வீட்டிலும் இது நிகழக்கூடும்.

பழைய நம்பிக்கை பொய்யானது எவ்வாறு?

முற்காலத்து நகரங்களில் தண்ணீர் வழங்கிய குழாய்கள் யாவும் இரும்பு முதலிய உலோகங்களால் ஆனவை. மைல் கணக்கில் மண்ணுள் புதைந்து கிடந்தமையால் அவை மிகச் சிறந்த புவித்தொடுப்பாய் அமைந்தன. அக்காலத்து மின்வினைஞர் புவிக்கம்பியைக் குழாயிற் கட்டியதற்கு இதுவே காரணம்.

இன்று நிலத்தடியில் இடப்படுவன பெரும்பாலும் பிளாஸ்டிக் குழாய்கள். ‘எஸ்லோன் பைப்’ என்று ஊரார் வழங்கும் பீ.வீ.சீ. குழாய் மின்சாரத்தைக் கடத்தாது. வீட்டினுள்ளே இரும்புக் குழாய் இருப்பினும், வெளியே ஓர் அடி நீளம் பிளாஸ்டிக் துண்டு இணைக்கப்பட்டால் மண்ணோடுள்ள தொடர்பு அற்றுப்போகும். குழாய் வேலை செய்பவர் வெடித்த துண்டை மாற்றிச் செல்லும்போது அவ்வீட்டின் புவித்தொடுப்பையும் அறுத்துச் செல்கின்றார் என்பதை அவரும் அறியார், வீட்டாரும் அறியார். அதன்பின் மோட்டரிற் பழுது நேர்ந்தால், புவிக்கம்பி அம்மின்னழுத்தத்தை நிலத்துக்கு அனுப்பாது, வீட்டிலுள்ள திருகிகள் அனைத்துக்கும் பங்கிட்டுக் கொடுக்கும். காவலாக இட்ட கம்பியே கேட்டுக்கு வழியாகும். நீர் வழங்கும் நிறுவனத்தின் குழாயைப் புவிமுனையாகக் கொள்ளலாகாது என்று, நம் நாட்டில் பின்பற்றப்படும் பிரித்தானிய வயரிங் விதிகள் விலக்கியிருப்பதும் இதனாலேயே.

“குழாய் பிளாஸ்டிக் ஆனாலும் உள்ளே தண்ணீர் இருக்கின்றதே, அது கடத்தாதோ?” என்று மாணவர் வினவக்கூடும். நல்ல வினா. 20 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள குழாயில் ஒரு மீற்றர் நீளத்துக்கு நிற்கும் சாதாரண நன்னீரின் தடை ஏறத்தாழ 64,000 ஓம். புவித்தொடுப்பாகப் பயன்படுதற்கு இது மிகப் பெரிய தடை. ஆனால் அதே குழாயிற் கடல்நீர் நின்றால் தடை 640 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். உடலின் 1,000 ஓமையும் சேர்த்துக் கணக்கிட்டால் 0.14 அம்பியர் பாயும். அது கொல்லும் மின்னோட்டம். 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் கடல் பெருகி இக்கரையை அழித்தபோது கிணறுகள் உப்புநீரால் நிறைந்ததை நம்மவர் மறந்திலர். கடலோரக் கிணற்றுநீர் உவராகுந்தோறும் அதன் கடத்தும் ஆற்றலும் கூடும். ஆகவே, தண்ணீரைப் புவித்தொடுப்பென்று நம்புவதும் தவறு, பிளாஸ்டிக் குழாயாதலின் அச்சமில்லை என்று இருப்பதும் தவறு.

மணலும் புவிக்கோலும்

நம் நாட்டு வீடுகளில் ஒவ்வொரு பாவனையாளரும் தத்தம் வளவில் ஒரு செப்புப் பூச்சுக் கோலை நிலத்திலிறக்கிப் புவிமுனை அமைத்தல் வேண்டும். 1.5 மீற்றர் நீளமும் 16 மில்லிமீற்றர் விட்டமும் உள்ள கோலின் தடை, மண்ணின் தடைத்திறனை 0.6 ஆற் பெருக்கினால் வருவதற்கு ஏறத்தாழச் சமன். ஈரமண்ணின் தடைத்திறன் 100 ஓம்மீற்றர் ஆயின் கோலின் தடை 60 ஓம். உலர்ந்த மணலில் தடைத்திறன் 1,000 ஓம்மீற்றரையும் எட்டும். அப்போது கோலின் தடை 600 ஓம் ஆகும்.

இவ்வெண்கள் உணர்த்துவதை நோக்குவோம். மோட்டரின் உயிர்க்கம்பி அதன் உலோக உடலைத் தொட்டுவிட்டது எனக் கொள்வோம். ஏனைய தடைகளை விடுத்துக் கணக்கிட்டால், 60 ஓம் கோல்வழியே 3.8 அம்பியர் நிலத்துட் பாயும். ஒரு பரிவலு மோட்டர் நல்ல நிலையில் இயங்கும்போதே ஏறத்தாழ 5 அம்பியர் எடுக்கின்றது. ஆகவே உருகிக்கோ சிறு சுற்றுடைப்பானுக்கோ இப்பழுது ஒரு பழுதாகவே தோன்றாது. 600 ஓம் கோலாயின் 0.38 அம்பியரே பாயும். உருகி உருகாது, சுற்றுடைப்பான் விழாது. மோட்டரின் உடல் மட்டும் ஏறத்தாழ முழு அழுத்தத்தையும் தாங்கியவாறு, தொடுவோரை எதிர்பார்த்து நிற்கும்.

பருவத்தையும் கருதுதல் வேண்டும். வடகீழ்ப் பருவமழை பெய்யும் மார்கழியில் மணல் நனைந்திருக்கும். அளந்தால் தடை குறைவாகத் தோன்றும். கச்சான் காற்று வீசும் ஆடி, ஆவணியில் மேல்மணல் உலர்ந்துவிடும். ஆதலின் கோலின் நுனி கோடையிலும் ஈரம் வற்றாத மட்டத்தை எட்டுமாறு ஆழ இறக்குதல் வேண்டும். கிணற்றின் கோடைநீர் மட்டத்தை நோக்கினால் அவ்வாழம் விளங்கும். ஒரு கோல் போதாதாயின், கோலின் நீளத்துக்குக் குறையாத இடைவெளிவிட்டு இன்னொன்றை இறக்கி இணைக்கலாம். அளந்து பார்ப்பதைக் கோடையிற் செய்வதே அறிவுடைமை. உப்புக் காற்று இணைப்பை அரிக்குமாதலால் கம்பியைக் கோலிற் சுற்றி முறுக்கிவிடுதல் ஆகாது. உரிய பிடியால் இறுக்கி, திறந்து பார்க்கத்தக்க சிறு குழியினுள் வைத்தல் வேண்டும்.

ட்ரிப் சுவிட்சின் பணி

மணல்நிலத்தின் இக்குறையை ஈடுசெய்வதே எச்ச மின்னோட்டச் சுற்றுடைப்பான். ஊரார் ‘ட்ரிப் சுவிட்ச்’ என்பது இதனையே. ஒஸ்திரியாவில் கொட்பிரீட் பீகல்மையரும், அமெரிக்காவில் முன்னர்க் கூறிய டல்சீலும் 1950 களிலும் 1960 களிலும் இதனை மனித உயிர் காக்கும் கருவியாக வளர்த்தெடுத்தனர். இதன் தத்துவம் எளிது. உயிர்க்கம்பிவழியே சென்ற மின்னோட்டம் முழுவதும் நொதுமற்கம்பிவழியே திரும்புதல் வேண்டும். இரண்டும் ஒரு வளையத்தினூடே செல்கின்றன. சென்றதும் வந்ததும் சமமாயின் வளையத்திற் காந்த விளைவு இல்லை. எங்கேனும் நிலத்துக்கு ஒழுகினால் கணக்கிற் குறை தோன்றும். அக்குறை 30 மில்லியம்பியரை எட்டுமுன்னரோ எட்டியவுடனேயோ, கணப்பொழுதிற் சுற்று அறுபடும்.

இப்போது 600 ஓம் கோலை மீண்டும் எண்ணிப் பார்ப்போம். 0.03 அம்பியரை 600 ஆற் பெருக்க 18 வோல்ற்று வருகின்றது. அஃதாவது, நல்ல ட்ரிப் சுவிட்ச் இருப்பின் மோட்டரின் உடல் 18 வோல்ற்றுக்கு மேல் நிலைத்துநிற்க இடமில்லை. அதற்குள் மின்சாரம் நின்றுவிடும். கோல் மட்டும் இருந்து செய்ய இயலாததைக் கோலும் ட்ரிப் சுவிட்சும் கூடிச் செய்கின்றன.

ஆயினும் மூன்று செய்திகளை நினைவில் இருத்துதல் வேண்டும். முதலாவது, சிறு சுற்றுடைப்பான் ட்ரிப் சுவிட்ச் அன்று. அது கம்பி சூடேறித் தீப்பற்றாது காப்பது. இரண்டாவது, ட்ரிப் சுவிட்சிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்த்தல் நன்று. ஆனால் அப்பொத்தான் சுவிட்சை மட்டுமே சோதிக்கின்றது. புவிக்கோலே இல்லாத வீட்டிலும் பொத்தானை அழுத்தினால் சுவிட்ச் விழும். “பொத்தான் வேலை செய்கின்றது, ஆகவே எர்த் நன்றாக இருக்கின்றது” என்று முடிவு செய்தல் பிழை. கோலைக் கருவி கொண்டே அளத்தல் வேண்டும். மூன்றாவது, ஒருவர் ஒரு கையால் உயிர்க்கம்பியையும் மறு கையால் நொதுமற்கம்பியையும் பற்றி, நிலத்தோடு தொடர்பின்றி நிற்பின், சென்றதும் வந்ததும் சமமாகவே இருக்கும். அவரை ட்ரிப் சுவிட்ச் காவாது.

மழைக்காலத்தில் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகின்றது என்று சலித்து, அதனை விலக்கி நேரே இணைப்பாரும் உளர். கடலோரத்தில் உப்பும் ஈரமும் சேர்ந்து மோட்டரிலும் வெளிவிளக்கிலும் ஒழுக்கை உண்டாக்குதல் இயல்பு. சுவிட்ச் விழுவது அவ்வொழுக்கை அறிவிப்பதற்கே. பொருள்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்து, பழுதுற்றதைத் திருத்துவதே முறை. தண்ணீரில்லாது ஒரு மாலைப்பொழுது வருந்துதல், ஒரு பிள்ளையை இழந்து ஆயுள் முழுதும் வருந்துவதினும் சிறிது.

குழாயைப் பிணைத்தல்

குழாயைப் புவிமுனையாகக் கொள்ளலாகாது என்றோம். அங்ஙனமாயின் உலோகக் குழாயை அப்படியே விட்டுவிடலாமோ எனின், அதுவும் ஆகாது. காகம் ஒரே கம்பியில் இரு கால்களையும் வைத்திருத்தலின் அதற்கு இன்னல் இல்லை. இரு கால்களுக்குமிடையே அழுத்த வேறுபாடு இன்மையே காரணம். அவ்வாறே, வீட்டினுள் நுழையும் நீண்ட உலோகக் குழாயை 6 சதுர மில்லிமீற்றருக்குக் குறையாத செப்புக்கம்பியால் பிரதான புவிமுனையோடு இணைத்துவிட்டால், குழாய்க்கும் மின்கருவிக்குமிடையே அழுத்த வேறுபாடு எழாது. இதனைச் சமவழுத்தப் பிணைப்பு என்பர். இங்கே குழாய் காவல் செய்வதில்லை, காக்கப்படுகின்றது. பிளாஸ்டிக் குழாயின் நுனியில் தனித்து நிற்கும் சிறு உலோகத் திருகிக்கு இப்பிணைப்பு வேண்டுவதில்லை.

பிணைப்பு வீட்டுக்குள்தான் பயன் தரும் என்பதையும் அறிக. பள்ளிவாசலில் வுழுச் செய்வதற்கு அமைந்த குழாய் வரிசையை எண்ணுக. தொழ வருவோர் பலர் நனைந்த தரையில் வெறுங்காலுடன் ஒரே வேளையில் திருகிகளைப் பற்றுகின்றனர். கோயிற் கேணியடியிலும், மாணவர் விடுதியின் கிணற்றடியிலும் இதே நிலை. திறந்த வெளியில் நிற்பவரின் கால் உண்மையான நிலத்தையே தொடுகின்றது. அங்கே பிணைப்புப் போதாது. 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்சே உயிர்க்காவல். பொது இடத்து மோட்டர்களுக்கு இதனை முதலிற் செய்தல் தர்மகர்த்தாக்களின் கடமையாகும்.

செய்யத் தக்கனவும் தகாதனவும்

மோட்டருக்கு மூன்று கம்பிகளுள்ள வடமே வேண்டும். இரு கம்பி வடத்தை மணலில் இழுத்து, ஒட்டுநாடா சுற்றிய இணைப்போடு பயன்படுத்துதல் ஆபத்து. இலங்கை தேசிய நியமமாக ஏற்றுள்ள 13 அம்பியர் சதுரமுனைச் செருகியின் பெரிய முனை புவிக்கானது. அதனைக் குச்சியாற் குத்தித் திறந்து வேறு செருகியை நுழைத்தல் ஆகாது. மோட்டர் நனையாதவாறு கூரையும், தரையினின்று உயர்ந்த மேடையும், கையெட்டும் இடத்தில் இரு கம்பிகளையும் ஒருங்கே அறுக்கும் ஆளியும் அமைதல் வேண்டும். குளியலறையினுள் ஆளியோ குதையோ வைத்தல் கூடாது. திருகியைத் தொட்டவுடன் சிறிது ‘சுள்’ளென்றால் அதனைப் பொருட்படுத்தாது விடாதீர். பிரதான ஆளியை நிறுத்திவிட்டு, தகுதி பெற்ற மின்வினைஞரை அழையுங்கள்.

2024 நவம்பர் இறுதியில் இம்மாவட்டத்தைச் சூழ்ந்த வெள்ளம் போன்றது வரும்போது, நீர் வீட்டுள் நுழையுமுன் பிரதான ஆளியை நிறுத்துதல் வேண்டும். வெள்ளத்தில் மூழ்கிய மோட்டரை, வெயிலில் உலர்ந்துவிட்டது என்று நம்பி இயக்கலாகாது. உப்புநீர் வற்றினாலும் சுருள்களில் உப்பு தங்கி, ஈரத்தை ஈர்த்துக்கொண்டேயிருக்கும். காவலித் தடையை அளந்த பின்னரே இயக்குக.

ஒருவரை மின்சாரம் பற்றிக்கொண்டால் அவரைத் தொடாதீர். முதலில் ஆளியை நிறுத்துக. இயலாதாயின் உலர்ந்த இடத்தில் நின்று, உலர்ந்த மரத்தடியால் அவரை விலக்குக. மூச்சும் நாடியும் இல்லையேல் நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துக. இன்னொருவர் 1990 என்னும் இலக்கத்திற்கு அழைத்து நோயாளர் வண்டியை வரவழைக்க வேண்டும்.

நம் கடமை

இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவருள் பொறியியலாளர் உளர், ஆசிரியர் உளர், கோயில், பள்ளிவாசல் நிருவாகங்களில் அமர்ந்திருப்போரும் அவர்தம் அயலவரும் உளர். புவித்தடை அளக்கும் கருவி ஒன்று ஊருக்குப் பொதுவாக இருந்தாற் போதும். வரும் ஆவணி மாதத்தில் விஞ்ஞான மன்றத்து மாணவர், தகுதி பெற்ற மின்வினைஞர் ஒருவரின் மேற்பார்வையில், தத்தம் தெருவிலுள்ள பொதுக் கிணறுகளின் புவிக்கோல்களை அளந்து, தடையையும் நாளையும் ஒரு பலகையில் எழுதி மோட்டரருகே தொங்கவிடலாம். அடுத்த ஆவணியில் வேறு மாணவர் வந்து மறுபடியும் அளப்பர். இரண்டு எண்களையும் ஒப்பிட்டால் கோல் நலமாக உள்ளதோ, உப்பு அதனைத் தின்றுவிட்டதோ என்பது தெரிந்துவிடும். வகுப்பறையிற் கற்ற ஓமின் விதிக்கு இதனினும் சிறந்த செய்முறை வேறு இல்லை.